பாதிக்கு மேல்

மூவார்
13 ஜனவரி 2026

மச்சான்,

தொலைபேசியில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம். இனி எழுதித்தான் பேச வேண்டும் என்று உங்கள் தங்கை சுகந்தினி சொல்லிவிட்டாள். "கத்துறது உங்க ரெண்டு பேருக்கும் ஈஸி லா. எழுதினா கொஞ்சமாச்சும் யோசிப்பீங்க." நாளைக் காலை ரப்பர் மரப் பலகை ஏற்ற எங்கள் டிரைவர் ஐயாசாமி லாரியில் சிகாமட் வருகிறார். இதை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை, கோலாலம்பூர் வியாபாரி ஒருவர் ஒரு கண்டெய்னர் சாப்பாட்டு மேசைக்கும் நாற்காலிகளுக்கும் முழுத் தொகையையும் நம் சங்க நாணயமான முத்துவில் அனுப்பினார். வந்து சேர்ந்ததை என் போனில் பார்த்தேன். சுகந்தினியும் பார்த்தாள். சனிக்கிழமை சரக்கு தொழிற்சாலையை விட்டுப் போனது. ஞாயிறு காலை தேவாலயத்திலிருந்து திரும்பி வந்து போனைத் திறந்தால் அந்தத் தொகை இல்லை. யாரோ எடுத்துவிட்டதாகவும் காட்டவில்லை, திருப்பி அனுப்பியதாகவும் காட்டவில்லை. அப்படி ஒரு தொகை வந்ததாகவே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் நம் வணிகர் சங்கக் கூட்டத்தில் நீங்கள் நின்று பேசியது நினைவிருக்கிறது. வங்கி வேண்டாம், நாமே நமக்கென்று ஒரு நாணயம் நடத்தலாம், அதற்கு முத்து என்று பெயர் வைக்கலாம், இதில் எழுதியதை யாராலும் அழிக்க முடியாது என்றீர்கள். மச்சான் சொல்கிறாரே என்றுதான் முதலில் கை தூக்கினேன்.

அந்த வியாபாரியின் போன் அடிக்கிறது, எடுப்பவர் இல்லை. அவர் கொடுத்த முகவரியில் பல் மருத்துவமனை இருக்கிறது.

எழுதியது எப்படி அழிந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.

அட்ரியன்


சிகாமட்
14 ஜனவரி 2026

அன்புள்ள மச்சானுக்கு,

ஐயாசாமி பலகை ஏற்றி முடிப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. அவரைத் தேநீர் குடிக்க அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். யாரும் பூட்டை உடைக்கவில்லை. உங்கள் கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை. முத்துவின் விதிப்படியேதான் எல்லாம் நடந்திருக்கிறது.

கணக்கு எழுதுவதற்கென்று நம்மிடம் ஒரு எழுத்தர் இல்லை. சங்க உறுப்பினர்களின் கடைகளில் ஓடும் மைனிங் மெஷின்கள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. எது முதலில் புதிரைத் தீர்க்கிறதோ அது அடுத்த பக்கத்தை எழுதுகிறது. சில நேரம் ஒரே பக்கத்திலிருந்து இரண்டு கிளைகள் பிரியும். அப்போது மெஷின்களுக்குத் தெரிந்த விதி ஒன்றுதான். அதிக உழைப்பு எந்தக் கிளையில் இருக்கிறதோ அது நிஜம், மற்றது தள்ளுபடி. பாதிக்கு மேல் சக்தி நல்லவர்களிடம்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட விதி அது.

வெள்ளிக்கிழமை மாலை ஆற்று வெள்ளம் கரையைத் தொட்டது. எப்போதும் செய்வதுபோல் சிகாமட் மெஷின்களை நிறுத்தி மேல்மாடிக்கு ஏற்றினோம். நம் மெஷின்களில் முக்கால்வாசி இந்த ஊரில்தான் இருக்கின்றன. அதாவது அன்று முத்துவைக் காப்பதற்குக் கால்வாசி சக்திதான் மிஞ்சியிருந்தது.

அந்த ஆள் அதற்காகவே காத்திருந்திருக்கிறான். மைனிங் சக்தியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சந்தைகள் இணையத்தில் இருக்கின்றன. லாரி எடுப்பதுபோல எடுக்கலாம். என்ன ஏற்றப்போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. நம் எல்லோருக்கும் தெரிந்த கிளையில் உங்களுக்குப் பணம் கொடுத்தான். அதே நேரத்தில், வாடகைக்கு எடுத்த சக்தியை வைத்து யாருக்கும் காட்டாமல் இன்னொரு கிளையை வளர்த்தான். அதில் அதே பணம் உங்களுக்கு வரவில்லை, அவனுடைய இன்னொரு கணக்குக்கே போனது. உங்கள் சரக்கு கிளம்பிய பிறகு அந்தக் கிளையை வெளியே விட்டான். அதில் உழைப்பு அதிகம், நம்முடையதைவிடக் கனமாக இருந்தது. நம் மெஷின்கள் எல்லாம் அதையே நிஜம் என்று ஏற்றுக்கொண்டன.

நாம் மெஷின்களை நிறுத்தியது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான்தான் சொன்னேன். மூன்று மழைக்காலமாகச் சொல்லி வருகிறேன். கடைக்காரர்கள் பயப்படக் கூடாது என்பதற்காகச் சங்கத்தின் பொது இணையப் பக்கத்தில் போடுவேன்: தண்ணீர் ஏறுகிறது, மெஷின்களை நிறுத்துகிறோம், பணம் போய்ச் சேரத் தாமதமாகும், மன்னிக்கவும். மரியாதைக்காகச் செய்தேன். திருடனும் அந்தப் பக்கத்தைப் படிக்கலாம் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய தொகை வந்தால் நூறு பக்கம் கடக்கும்வரை சரக்கை அசைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். நீங்கள் ஆறு பக்கத்துக்கே லாரியை உள்ளே விட்டீர்கள்.

சுகந்தினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பரமேஸ்வரன்


மூவார்
16 ஜனவரி 2026

மச்சான்,

ஆறு பக்கத்துக்கே லாரியை விட்டேன், உண்மைதான். வாடிக்கையாளர் மழையில் லாரியோடு நிற்கும்போது நூறு பக்கம் எண்ணிக்கொண்டிருக்க எனக்குப் பழக்கமில்லை. முக்கால்வாசி மெஷினை வெள்ளம் வரும் ஊரிலேயே வைத்தது யார்? அதையும் எழுதியிருக்கலாம்.

போலீஸில் புகார் கொடுத்தேன். எழுதிக்கொண்ட அதிகாரி நல்ல மனிதர். "எந்த பேங்க்?" என்று கேட்டார். பேங்க் இல்லை என்றேன். "அப்ப பணத்தை யார் வச்சிருந்தாங்க?" எல்லோரும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்சிக் அட்ரியன், எல்லாரும் வச்சிருந்தா எப்படி ஒருத்தன் எடுத்தான்?" உங்கள் கடிதத்தைக் காட்டியிருந்தாலும் அவர் அதையேதான் கேட்டிருப்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பலகை கொடுத்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். பதினெட்டுப் பேருக்கு மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டும். அந்தக் கண்டெய்னர் பணம் திரும்பவில்லை என்றால் தொழிற்சாலையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. சும்மா பயமுறுத்தவில்லை. உங்கள் தங்கைதான் கணக்குப் பார்க்கிறாள், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அவன் செய்ததை நாமும் செய்யலாமே? அந்தச் சந்தை நமக்கும் திறந்துதானே இருக்கிறது. பழைய கிளை இன்னும் உங்கள் மெஷின்களில் இருக்கும். உங்கள் சக்தியும் வாடகைச் சக்தியும் சேர்ந்து அதைக் கனமாக்கினால் அவனுடைய கிளை தள்ளுபடியாகிவிடும். என் பணம் என்னிடம் வந்துவிடும். திருடன் எழுதியதை அழிக்கிறோம், அவ்வளவுதான். இதில் என்ன பாவம்?

நாள் போகப் போகச் செலவு கூடும் என்பதும் எனக்குப் புரிகிறது. அதனால் சீக்கிரம் பதில் போடுங்கள்.

அட்ரியன்


சிகாமட்
19 ஜனவரி 2026

அன்புள்ள மச்சானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பெக்கோக் போயிருந்தேன். ஏன் போனேன் என்பதுதான் உங்களுக்கு என் பதில்.

நீங்கள் சொல்வது முடியும். ஆனால் திருடன் எழுதியதை மட்டும் தனியாக அழிக்க முடியாது. அந்தப் பக்கங்களில் மற்றவர்கள் எழுதியதும் இருக்கிறது. அதில் பெரும்பாலானதைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். திருடனுடைய பணத்தில் தொடங்கி வந்ததை எழுதவே முடியாது, பழைய கிளையில் அந்தப் பணம் அவனிடம் இல்லையே.

ஞாயிறு காலையே அவன் விற்கத் தொடங்கிவிட்டான். நமக்கு விஷயம் தெரியும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக, விலை குறைத்து. வாங்கியவர்களில் ஒருவன் கவின். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். அம்மாவுக்கு அனுப்ப வாங்கியிருக்கிறான். அம்மா ராசம்மா, பெக்கோக்கில் தோட்டத்துக்குப் பின்னால் பலகை வீட்டில் இருக்கிறார். வெள்ளத்தில் தரைப் பலகை முழுவதும் போய்விட்டது. மகன் அனுப்பிய முத்துவைக் கொண்டுபோய் மகேஸ்வரன் ஹார்ட்வேர் கடையில் கொடுத்துப் பலகை வாங்கி, ஆள் வைத்து அடித்துவிட்டார். நான் போனபோது ஒரு ஓரத்தில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தம்பி, செருப்போடவே வாங்க. புதுப் பலகை, வழுக்காது" என்றார். காப்பி கொடுத்தார். நான் எதற்கு வந்தேன் என்று சொல்லவில்லை.

நீங்கள் கேட்டதை நான் செய்தால் கவின் வாங்கியது இல்லாமல் போகும். அவன் அம்மாவுக்கு அனுப்பியது இல்லாமல் போகும். அவர் கடையில் கட்டியதும் இல்லாமல் போகும். இப்படி இன்னும் எத்தனை பேர் என்று எனக்கு முழுவதும் தெரியாது. உங்களுக்கு நடந்ததுதான் அவர்களுக்கும் நடக்கும். அவர்களிடம் கண்டெய்னர் கணக்கில் சரக்கு கிடையாது.

உங்களுக்கு அநியாயம் நடந்திருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. சங்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு உங்களுக்கு உதவலாம் என்று ஜெயபாலனிடம் பேசியிருக்கிறேன். தலைவர் என்ற முறையில் அவர் கூட்டம் கூட்டச் சம்மதித்திருக்கிறார்.

பரமேஸ்வரன்


மூவார்
21 ஜனவரி 2026

மச்சான்,

உண்டியல் குலுக்கச் சொல்கிறீர்கள். ஜெயபாலன் எனக்கும் போன் போட்டார். "அட்ரியன், கவலப்படாத லா, பசங்க எல்லாம் ஏதாச்சும் பாத்து செய்வாங்க." ஏதாச்சும்! முதல் நாளே சங்கத்துக்கு மெஷின் வாங்க முன்பணம் போட்டவன் நான். இன்று எனக்கு ஏதாச்சும்.

ராசம்மா அக்காவை எனக்கும் தெரியும். அவர் வீட்டுக்காரர் எங்களிடம் பாலிஷ் போட்டவர். அவருக்கு வரும் நஷ்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், தொழிற்சாலை பிழைக்கட்டும். முதலில் பிழைக்க வேண்டுமே.

நீங்கள் கையை அழுக்காக்க வேண்டாம். நானே சக்தியை வாடகைக்கு எடுக்கிறேன். இங்கே கணினி தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள், விசாரித்துவிட்டேன். என் பெயரில் இருந்த காரை விற்றாகிவிட்டது. ஆனால் உங்கள் சிகாமட் மெஷின்கள் திருடனுடைய கிளையில் ஓடிக்கொண்டிருந்தால் எனக்கு இரண்டு மடங்கு சக்தி வேண்டும். அதற்கு என்னிடம் வசதி இல்லை.

அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் மட்டும் மெஷின்களை நிறுத்துங்கள். வழக்கம்போல அறிவிப்புப் போடுங்கள். தண்ணீர் ஏறுகிறது என்று போட்டால் யார் போய் ஆற்றைப் பார்க்கப் போகிறார்கள்? இந்த மாதம் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சுகந்தினிக்கு இது தெரியாது. நேற்று முழுவதும் அவள் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னாள். ஒவ்வொருவரும் தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார்களாம். திட்டியிருந்தால் தேவலை என்றாள். அவள் உங்கள் கூடப் பிறந்தவள், மச்சான். அதற்காகவாவது.

அட்ரியன்


சிகாமட்
23 ஜனவரி 2026

மச்சான்,

நேற்று நான்கு முறை மேல்மாடிக்குப் போனேன். ஒரு சுவிட்ச்தான். தங்கையை நினைத்துக்கொண்டு கையை வைத்தும் பார்த்தேன்.

முதல் தடவை தெரியாமல் திருடனுக்கு வழி காட்டினேன். இப்போது தெரிந்தே பொய் எழுத வேண்டும் என்கிறீர்கள். நான் அறிவிப்புப் போட்டால் இருநூறு குடும்பம் அப்படியே நம்பும். அதனால்தான் என்னால் போட முடியாது.

ஞாயிறு மெஷின்கள் ஓடும். நீங்களும் செய்யாதீர்கள். வேண்டுமானால் நான் மூவார் வந்து உங்கள் ஆட்களிடம் பேசுகிறேன். பலகை கொடுத்தவர்களிடம் நானும் வந்து நிற்கிறேன்.

பரமேஸ்வரன்


சிகாமட்
3 பிப்ரவரி 2026

திரு. அட்ரியன் அவர்களுக்கு,

சுகந்தினி தைப்பூசத்துக்கு வந்தவள் இங்கேயே இருக்கிறாள். நலமாக இருக்கிறாள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

25ஆம் தேதி பகல் முழுவதும் நம் கிளைதான் முன்னால் இருந்தது. மாலையில், பழைய பக்கத்திலிருந்து புறப்பட்டு இன்னொரு கிளை வெளியே வந்தது. எவ்வளவு சக்தி எடுத்தீர்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார் விற்ற பணத்தோடு நின்றிருக்க முடியாது. தொழிற்சாலை இயந்திரங்களை அடகு வைத்ததைச் சுகந்தினி பிறகு சொன்னாள். என் மெஷின்கள் உங்கள் கிளையை எடைபோட்டன, கனம் என்று கண்டன, ஏற்றுக்கொண்டன. விதிக்கு உங்களையும் அவனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

திரும்ப நானும் வாடகைக்கு எடுத்து அதைத் தள்ளலாம் என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். மூன்றாவது முறை அழித்தால் யார் யாருக்கு எது போகும் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் கண்டெய்னருக்கான தொகை இப்போது உங்கள் கணக்கில் முழுவதும் இருக்கிறது. அதை மாற்றிக்கொள்ள முயன்றிருப்பீர்கள். 26ஆம் தேதியிலிருந்து எந்தக் கடையும் முத்து வாங்குவதில்லை. இரண்டு வாரத்தில் இரண்டு முறை நிஜம் மாறிய நாணயத்தை யார் வாங்குவார்கள்? மூவாரில் அதை வைத்து ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறுகூட வாங்க முடியாது என்று ஜெயபாலன் சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்லவில்லை.

29ஆம் தேதி ராசம்மா ஆணி வாங்க மகேஸ்வரன் கடைக்குப் போயிருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அவர் மகன் கவினைக் கூட்டிக்கொண்டு நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். விஷயத்தை நாங்களே சொல்ல வேண்டும் என்றுதான் போனோம். தாமதமாகிவிட்டது.

மகேஸ்வரன் கெட்டவர் இல்லை. போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பலகைக்கு நீங்க இன்னும் கட்டவே இல்லன்னு காட்டுது."

"கட்டினேனே தம்பி. இதே எடத்துல நின்னுதானே கட்டினேன். நீங்ககூட டிங்னு சத்தம் வந்துச்சுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்க்கா. இப்ப இல்லையே."

சாயம் வாங்க வந்த ஒருவன் வரிசையில் நின்று சிரித்தான். "ஐயோ அலமாக், ஆன்ட்டி, வீட்டுல போய் நல்லாத் தேடிப் பாருங்க லா."

கவின் அவனை அடிக்கப் போனான். ராசம்மா மகன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, காசு போச்சுன்னா போச்சு, வெள்ளத்துல போகலையா. ஆனா நான் குடுத்தேனே. அதுவும் இல்லன்னு ஆயிடுமா?"

மெஷின்களின் கணக்குப்படி அவர் கொடுக்கவில்லை.

நேற்று மெஷின்களை நிறுத்திவிட்டேன். காரணத்தைப் பொதுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள்.

இனி ஐயாசாமியிடம் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டாம். அவருக்கும் சம்பளம் பாக்கி என்று கேள்விப்பட்டேன்.

பரமேஸ்வரன்


மூவார்
10 பிப்ரவரி 2026

மச்சான்,

தபாலில் அனுப்புகிறேன். மச்சான் என்று கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

தொழிற்சாலையை மூடியாகிவிட்டது. உங்கள் தங்கைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கிளையை வெளியே விட்ட அன்று தொகை திரும்பி வந்ததைப் பார்த்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில். நேர்மையாகச் செய்து முடித்த வேலைபோல இருந்தது. உங்கள் கடிதம் வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் வாங்காதது என் துரதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பெக்கோக் போனேன். ஐயாசாமிதான் லாரியில் கூட்டிப்போனார். மகேஸ்வரன் கடையில் கூட்டம் இருந்தது. ரொக்கமாகக் கொண்டுபோயிருந்தேன், பட்டறையில் மிஞ்சியிருந்த ரம்பத்தை விற்றது. மேசையில் வைத்து, "ராசம்மா அக்கா பலகைக்கு" என்றேன்.

"நீங்க ஏன் சார் குடுக்கறீங்க? அவங்களே மாசா மாசம் குடுக்கறேன்னு சொல்லிட்டாங்க."

"அவங்க ஏற்கெனவே குடுத்துட்டாங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ஜனவரியில இதே எடத்துல நின்னு முழுசாக் கட்டினாங்க. நான்தான் அத அழிச்சேன். என் பேரு அட்ரியன். மூவார்ல நாற்காலி செஞ்சுக்கிட்டு இருந்தேன்."

மகேஸ்வரன் பணத்தை எண்ணவில்லை. ஒரு ரசீதுத் தாளை எடுத்து ராசம்மா அக்கா பெயர் எழுதினார். தேதி என்ன போடட்டும் என்று கேட்டார். அவர் கட்டிய தேதியைப் போடுங்கள் என்றேன். போட்டார்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியிலேயே பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார், கையில் காய்கறிப் பையோடு. லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கி ரசீதைக் கொடுத்தேன். கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். கடையில் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ரசீதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

வெயில் அதிகமாக இருந்தது. "ஏறிக்குங்கக்கா, வீட்டுல விட்டுடறோம்" என்றேன்.

"வேணாம் தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பஸ் வரும்."

ஐயாசாமி லாரியைத் திருப்பினார். பின்கண்ணாடியில் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை பஸ் வரவில்லை. அவர் நின்றுகொண்டிருந்தார்.

அட்ரியன்